அறிமுகம் செய்து வைத்தவர்

"வரதராஜண்ணன்தானுங்களே?"

புதன்கிழமை காலை ஏழு மணி. அவிநாசி ரோட்டு ஓட்டல் ஒன்றின் மாடி ஹாலில் காபிக் குழாயைத் திருகிக்கொண்டிருந்த வரதராஜ் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் கையை எடுக்க மறந்துவிட, கப் நிறைந்து வழிந்து விரலைச் சுட்டது. பூங்கோதை. சிவநேசனின் மனைவி. எட்டு மாதத்துக்கு முன்னால் அவர்கள் வீட்டு வாசலில் போட்டிருந்த பந்தலுக்குள், பெண்கள் நடுவில், தலையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தவளை அவர் தூரத்தில் நின்று பார்த்ததுதான். அன்றைக்கு மாலையை வைத்துவிட்டு, செருப்பைத் தேடுகிற சாக்கில் வெளியே வந்தவர், பிறகு அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. இப்போது சிமென்ட் நிறப் புடவையும் மார்பில் 'விருந்தினர்' என்ற மஞ்சள் அட்டையுமாக நிற்கிறாள். "கை சுட்டுக்கப் போகுதுங்க, வெச்சுருங்க" என்று அவளே குழாயை மூடினாள். "அவரு போன்ல உங்க நம்பர 'வரதராஜண்ணன், நம்ம ஆளு'ன்னு போட்டு வெச்சிருந்தாருங்க. இந்தக் கூட்டத்துக்கு வந்தா மொதல்ல உங்களத்தான் பாக்கோணும்னு நெனச்சேன். கம்பெனிய நானே எடுத்து நடத்தறேனுங்க இப்ப. சோலார் வேலை எனக்கு ஒண்ணும் தெரியாதுதான், ஆனா ஆளுக எல்லாம் இருக்காங்க. நீங்க அறிமுகம் பண்ணி வெச்ச மில்லுல இருந்து மேனேஜரே கூப்பிட்டாருங்க, நின்னு போன வேலைய முடிச்சுக் குடும்மான்னு. இன்னைக்கு ஆளு போறாங்க." வரதராஜ், "அப்படீங்களா" என்றார். "ரொம்ப நல்லதுங்க" என்றார். விரல் எரிந்தது. அதற்குள் தலைவர் சம்பத்குமார் மைக்கைத் தட்டிவிட்டார்.

லாட வடிவத்தில் போட்ட மேசைகள். முப்பத்தாறு உறுப்பினர்கள், நாலு விருந்தினர்கள். ஒரு தொழிலுக்கு ஒரே ஆள், அதுதான் இந்தத் தொழில் வட்டத்தின் விதி. ஒவ்வொருவராக எழுந்து, நான் இன்னார், என் தொழில் இது, எனக்கு இன்ன மாதிரி ஆள் அறிமுகமாக வேண்டும் என்று ஒரு நிமிடத்தில் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட ஆளைத் தெரிந்தவர்கள் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். நிமிடம் முடிந்தால் டைல்ஸ் கடை இஸ்மாயில் மேசைமேல் இருக்கிற மணியை அடிப்பார். எதிர்ச்சுவரில் பேனர், 'பழகு, நம்பு, வளரு.' வரதராஜ் பன்னிரண்டு வருடமாக அதே பேனருக்கு எதிரில்தான் உட்கார்கிறார். அவர் இருபத்திரண்டாவது ஆள். விருந்தினர்கள் கடைசியில். அதாவது அவர் பேசி இன்னும் கால்மணி நேரம் கழித்துத்தான் அவள் பேசுவாள். கூட்டம் முடிந்ததும் தனியாக ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். ஆளு போறாங்க என்றால் எத்தனை மணிக்குப் போவார்கள், மில்லுக்குள் விட கேட் பாஸ் போட வேண்டும், மேனேஜர் ஒன்பதரைக்குத்தான் வருவார், அவர் வராமல் ஏணி வைக்க மாட்டார்கள், பத்துப் பத்தரை ஆகிவிடும். நேரம் இருக்கிறது. நேரம் இருக்கிறது என்று இதே போலத்தான் அன்றைக்கும் நினைத்தார், எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு வாரம் முழுக்க, தினமும். பக்கத்தில் ஆடிட்டர் ரோஸ்ட்டைப் பிய்த்தார். படக்கென்று ஒரு சத்தம். வரதராஜின் பிடரி மயிர் சிலிர்த்து அடங்கியது. வீட்டில் அப்பளம் பொரிக்க வேண்டாம் என்று சொல்லி ஏழு மாதம் ஆகிறது. ஏங்க, என்னாச்சு உங்களுக்கு, என்று மனைவி கேட்டதற்கு எண்ணெய் ஒத்துக்கலை என்றார்.

அந்தச் சத்தத்தை முதல் தடவை கேட்டது சிவநேசன் இறந்தபோது இல்லை. அப்போது அவர் அங்கே இல்லவே இல்லை. அதற்கும் ஆறு மாதம் முன்னால், சூலூர்ப் பக்கத்து மில்லின் கூரைமேல், சித்திரை வெயிலில் கேட்டது. வரதராஜுக்குத் தொழில் மில்களுக்குக் காற்றுக் குழாய் போடுவது. கூரையில் உருளை விசிறிகள் பொருத்தும் வேலை அது. அவருடைய ஆள் மாரப்பன் பத்தடி முன்னால் நடந்துகொண்டிருந்தான். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வெளிச்சம் வருவதற்காக நடுநடுவே ஃபைபர் தகடு செருகியிருந்தார்கள். இருபது வருட வெயிலில் அது முறுகிப்போய், மேலே வெள்ளைக் கூலிங் பெயின்ட்டும் அடித்திருந்ததால், எது ஓடு எது தகடு என்று தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளையாகப் பளபளத்தது. வடக்குச் சரிவில், மூன்றாவது விசிறிக்குப் பக்கத்தில், படக். மாரப்பனைக் காணவில்லை. இல்லை, பாதி மாரப்பன் இருந்தான். தொடைவரைக்கும் உள்ளே போய், கை இரண்டையும் விரித்து, வாய் திறந்து, சத்தம் வராமல். இழுத்து எடுத்தார்கள். தொடையில் பதினொரு தையல். கீழே முப்பதடிப் பள்ளத்தில் நூற்பு இயந்திரங்கள் ஓடிக்கொண்டே இருந்தன, ஓட்டை வழியாக ஒரு பெண் மட்டும் அண்ணாந்து பார்த்தாள். மேனேஜர் திருமூர்த்தி தன் கையாலேயே மோர் கொண்டுவந்து கொடுத்தார். "வரதராஜு, இது வெளிய போக வேண்டாம். ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் காதுக்குப் போச்சுன்னா கூரையவே மாத்துன்னு உக்காந்துக்குவான். மொதலாளி என் கழுத்துல கத்தி வெப்பாரு. நம்ம இன்னைக்கு நேத்தா பழகறோம்?" உண்மைதான். திருமூர்த்தி பெண் கல்யாணத்தில் பந்தி விசாரித்தது வரதராஜ். திருமூர்த்திக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆஸ்பத்திரி பெஞ்சில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்ததும் அவர்தான். அந்தப் பழக்கத்தில்தான் ஆறு மில்களின் கதவு திறந்தது. வரதராஜ் மோரைக் குடித்தார். ஒரு வாரத்தில் ஓட்டையின் மேல் புதுத் தகடு வைத்து, அதன் மேலும் வெள்ளையை அடித்துவிட்டார்கள். மற்ற தகடுகள் அப்படியே இருந்தன.

"நான் ரெபேக்கா, இன்டீரியர். புதுசா வீடு கட்டி கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்த்துட்டிருக்கறவங்க யாராச்சும் இருந்தா..." இது பதினாலாவது ஆள். இன்னும் எட்டு. பூங்கோதை நேர் எதிரில், விருந்தினர் வரிசையில், ஒவ்வொருவர் சொல்வதையும் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். எழுதும்போது நாக்கின் நுனியை உதட்டோரம் வைத்துக்கொள்கிறாள், பரீட்சை எழுதுகிறவளைப் போல. சிவநேசன் எதையும் எழுதமாட்டான். எல்லாம் தலையில் வைத்திருப்பான். வட்டத்தில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, எல்லோர் பிள்ளைகளும் என்ன படிக்கிறார்கள் என்பதுவரை தெரியும் அவனுக்கு. கை கொடுத்தால் இரண்டு கையாலும் கொடுப்பான். நொய்யல் பெருகி வரதராஜின் ஷெட்டுக்குள் தண்ணீர் வந்த அன்று, யாரையும் கூப்பிடவில்லை, எப்படித் தெரிந்ததோ, பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தகரச் சுருள்களைத் தூக்க வந்து நின்றான். சாயந்திரம்வரை தூக்கினான். போகும்போது, "அண்ணா, இதெல்லாம் கணக்குல வராதுங்க, நம்ம ஆளுக்குப் பண்றது" என்றான். இதே ஹாலில்தான் அவன் எழுந்து நின்று கேட்டான், பெரிய கூரை இருக்கிற மில்காரர்கள் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள், பத்தாயிரம் சதுர அடிக்கு மேல் கூரை, எனக்கு அது ஒன்றே போதும் என்று. கேட்டுவிட்டு எல்லோரையும் பார்த்தான், வரதராஜைப் பார்க்கவில்லை. கேட்டுத் தொந்தரவு பண்ணக் கூடாது என்று பார்க்காமல் இருந்தான், அது வரதராஜுக்குப் புரிந்தது. அதனாலேயே எழுதினார். திருமூர்த்தியின் பெயர், நம்பர், மில்லின் பெயர். எழுதும்போதே கூரை ஞாபகம் வந்ததா? வந்தது. வரவில்லை என்று எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்துவிட்டார், வந்தது. பேனா அந்த 'மில்' என்ற சொல்லில் ஒரு கணம் நின்றது. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அந்த மாதத்துச் சிறந்த அறிமுகம் என்று சம்பத்குமார் அவர் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்தினார். கைதட்டினார்கள். சிவநேசன்தான் பலமாகத் தட்டினான்.

சொல்லிக்கொள்ளலாம். திங்கட்கிழமை சொல்லலாம் என்று போனை எடுத்தார். எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தார். கூரையில் பார்த்துப் போ, வடக்குப் பக்கம் தகடெல்லாம் முறுகிக் கிடக்கு, என்று சொன்னால் சிவநேசன் சும்மா இருக்க மாட்டான். மேனேஜரிடம் போய் நிற்பான், சார், தகடு மோசமா இருக்காமே, பலகை போடுங்க, மாத்திக் குடுங்க என்பான். உனக்கு யார் சொன்னது என்பார் திருமூர்த்தி. யார் சொன்னது. அந்தக் கேள்வி வந்த இடத்தில் வரதராஜின் எண்ணம் முள்ளில் மாட்டிய சேலை போல நின்றுவிடும். இழுத்தால் கிழியும். பன்னிரண்டு வருடப் பழக்கம், ஆறு மில், மோர் டம்ளர். சரி, செவ்வாய்க்கிழமை வேறு மாதிரிச் சொல்லலாம், பொதுவாக, கூரை வேலை என்றாலே ஜாக்கிரதை தேவை என்று. அது சிவநேசனுக்குத் தெரியாதா, கூரை வேலைதானே அவன் தொழில்? அவன் பெல்ட் இல்லாமல் ஏறுகிறவனா? அவனுக்குப் பார்த்தாலே தெரியும். வெள்ளை அடித்திருந்தால் தெரியாது. தெரியும். தெரியாது. புதன் போயிற்று, வியாழன் போயிற்று. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு வரதராஜ் சலூன் நாற்காலியில் சாய்ந்திருந்தார், முகமெல்லாம் சோப்பு நுரை. போன் அடித்தது. கடைக்காரரே எடுத்துக் காதில் வைத்தார். "அண்ணா, மில்லுக்கு வந்துட்டேனுங்க. ஆளுக வர லேட்டாகுதுங்க, நான் மட்டும் மேல ஏறி அளவெடுத்துக்கலாம்னு பாக்கறேன். நீங்க இங்க வேல பாத்திருக்கீங்கல்ல, ஏதாச்சும் சொல்லணுமாங்கண்ணா?" கத்தி தாடையில் இருந்தது. அதனால் வாயை அகலத் திறக்க முடியவில்லை. அதனால்தான் என்று சில நாள் தோன்றும். "மேனேஜருகிட்ட எம் பேரச் சொல்லு, போதும்" என்றார் வரதராஜ். "சரிங்கண்ணா." வைத்துவிட்டான். போனில் பார்த்தால் இன்னும் இருக்கிறது, பத்தொன்பது நொடி. பத்தொன்பது நொடியில் என்னவெல்லாம் சொல்லலாம். இங்கே அறுபது நொடியில் ஒரு ஆயுசையே சொல்லிவிடுகிறார்கள். வடக்குப் பக்கம் போகாதே. இரண்டு நொடி. கத்தி தாடையில் இருந்தாலும் சொல்லலாம்.

எம் பேரச் சொல்லு, போதும். அவன் சொல்லியிருப்பான். சொல்லிக்கொண்டே ஏணியில் ஏறியிருப்பான், வரதராஜண்ணன் அனுப்பினாருங்க, நம்ம அண்ணன்தானுங்க. குளிக்கும்போது இது வரும். சாமி கும்பிடும்போது வரும். ஒரு தடவை புது ஆள் ஒருவரிடம் விசிட்டிங் கார்டு நீட்டும்போது வந்து, கார்டை நீட்டியபடி பாதியில் நின்றுவிட்டார். சிவநேசன் கூரையிலிருந்து விழுந்து இறந்த மறுநாள் மாரப்பன் ஷெட் வாசலில் வந்து நின்றான், உள்ளே வரவில்லை. "அண்ணா, அதே எடந்தானுங்களா?" என்றான். "தெரியலடா" என்றார். மாரப்பன் சற்று நேரம் அவர் முகத்தைப் பார்த்தான். அடுத்த வாரம் ஊரில் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லிப் போய்விட்டான், பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவன். பெல்ட் போடவில்லை, நடைபலகை போடவில்லை, கவனக்குறைவு என்று மில்லில் சொன்னார்கள், அப்படியே எழுதிக்கொண்டார்கள். இந்த ஹாலில் இரண்டு நிமிட மௌனம் இருந்தார்கள். அதன் பின் வட்டத்தின் மொபைல் ஆப் திங்கட்கிழமைதோறும் வரதராஜைக் கேட்கிறது, 'சிவநேசன் அவர்களுக்கு நீங்கள் தந்த அறிமுகம் என்ன நிலையில் உள்ளது?' கீழே மூன்று பொத்தான்கள். பேச்சு நடக்கிறது. வேலை முடிந்தது. நடக்கவில்லை. முப்பத்து நாலு திங்கட்கிழமைகளாக எதையும் அழுத்தாமல் அதை மூடி மூடி வைக்கிறார். சில திங்கட்கிழமை அதை மூடியபின் போனின் கறுத்த கண்ணாடியில் தன் முகத்துக்குப் பின்னால் இன்னொருவர் நிற்பது மாதிரி இருக்கும். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். யாரும் இல்லை என்பதும் நிம்மதியாக இருக்காது.

"வரதராஜ் சார். சார்?" சம்பத்குமார். இருபத்திரண்டு வந்துவிட்டது. எழுந்தார். நாற்காலி பின்னால் உரசியது. எதிரில் பூங்கோதை நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பி, மேலே அவர் பெயரை எழுதுகிறாள், அது இங்கிருந்தே தெரிகிறது. இப்போது சொல்லிவிடு. இத்தனை பேருக்கு நடுவிலா? தனியாகச் சொல்வதுதான் மரியாதை, அவளுக்கும் அதுதான் நல்லது, புருஷன் சாவை முப்பத்தாறு பேர் நடுவில் எடுத்து வைப்பது என்ன நியாயம். நன்றாக இருந்தது அந்தக் காரணம். எல்லாக் காரணமும் நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது. "வணக்கம். நான் வரதராஜ். காத்துக்குழாய் தொழில். உங்க மில்லு மூச்சு விட நானாச்சு." சிரித்தார்கள், எப்போதும் சிரிக்கிற இடம். "புதுசா யூனிட் போடற ஸ்பின்னிங் மில்காரங்க யாராச்சும் இருந்தா அறிமுகம் பண்ணி வைங்க. பன்னெண்டு வருசமா நான் இங்க கத்துக்கிட்டது ஒண்ணுதானுங்க. தொழில் பின்னாடி வரும், மொதல்ல மனுசனுக்கு மனுசன் பழகணும்." வாய் அது பாட்டுக்கு ஓடியது. அதை வேறு யாரோ பேசுவதைக் கேட்பது போல அவர் கேட்டுக்கொண்டிருந்தார், நல்ல குரல்தான், கேட்டால் நம்பத் தோன்றும். மணி அடிக்கும் முன்பே முடித்துவிட்டார். கைதட்டல். பூங்கோதையும் தட்டினாள், பேனாவை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டே. உட்கார்ந்தபோது முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. ஏசி பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு யார் யார் பேசினார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. வக்கீல் ஒருவர், பேக்கரி ஒருவர், பல் டாக்டர். பேனரில் எழுத்துகள் மட்டும் தெரிந்தன. பழகு. நம்பு. நடுவிலுள்ள சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிவநேசன் செய்தது அதைத்தானே. ஏதாச்சும் சொல்லணுமாங்கண்ணா என்று கேட்டு, அவர் ஒன்றும் சொல்லாததையே ஒரு பதிலாக, கூரை நன்றாக இருக்கிறது என்ற பதிலாக எடுத்துக்கொண்டுதான் அவன் ஏறியிருக்க வேண்டும். அவர் வாயைத் திறக்காமலே அவனுக்கு ஒரு பொய்யைச் சொல்லியிருக்கிறார். இதை இதற்கு முன் இத்தனை தெளிவாக அவர் நினைத்ததில்லை. இதுவரைக்கும் சொல்லாமல் விட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப நம்ம சிவநேசன் வீட்டம்மா பேசுவாங்க" என்று சம்பத்குமார் குரலைத் தாழ்த்திச் சொன்னார். பூங்கோதை எழுந்தாள். நோட்டைப் பார்க்கவில்லை. "வணக்கங்க. பேரு பூங்கோதை. எட்டு மாசத்துக்கு முன்னாடி வரைக்கும் வீட்டுலதான் இருந்தனுங்க. என் வீட்டுக்காரரு இங்க வந்துட்டு வீட்டுக்கு வந்தா ஒவ்வொருத்தரப் பத்தியும் சொல்லுவாரு. அதனால எனக்கு நீங்கெல்லாம் புது ஆளுக மாதிரி இல்லீங்க." நோட்டை மூடி மேசைமேல் வைத்தாள். "அவரு நல்ல தொழில்காரருதான். ஆனா அவசரக்காரரு. பெல்ட் போடாம, பலகை போடாம, யாரு பேச்சையும் கேக்காம ஏறிட்டாரு. அது அவரு தப்புதானுங்க, நான் மறைக்கல. எங்கிட்ட வேலை குடுத்தா அந்த மாதிரி நடக்காதுங்க. என் ஆளுக பெல்ட் போடாம ஏற மாட்டாங்க. அவரு விட்டுட்டுப் போன மில்லு வேலைய இன்னைக்கு ஆரம்பிக்கறோம். வெயிலுக்கு முன்னாடி ஏறிருங்கன்னு எட்டரைக்கே ஏறச் சொல்லியிருக்கேன். அத முடிச்சுட்டா எனக்கு ஒரு நம்பிக்கை வந்துரும்ங்க." வரதராஜ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு பதினெட்டு. பெல்ட்டை எதில் மாட்டுவார்கள்? அந்தக் கூரையில் மாட்டுவதற்கு ஒன்றும் கிடையாது. மாரப்பன் பெல்ட் போட்டுத்தான் இருந்தான், கொக்கி அவன் இடுப்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏற வேண்டாம்னு சொல்லுங்க."

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பினார்கள். வரதராஜ் தான் எழுந்து நிற்பதை அப்போதுதான் உணர்ந்தார். சம்பத்குமார், "சார், அவங்க டைம்..." என்று ஆரம்பித்தார். "ஆளுகள ஏற வேண்டாம்னு சொல்லும்மா. இப்பவே போன் போடு. வடக்குச் சரிவுல தகடெல்லாம் முறுகிக் கெடக்குது. மேல வெள்ளை அடிச்சிருக்காங்க, பாத்தா தெரியாது. பெல்ட் மாட்ட அங்க எடமே இல்ல. எறங்கச் சொல்லு."

பூங்கோதை அவரை ஒரு கணம் பார்த்தாள். போனை எடுத்தாள். "செல்வம், எங்க இருக்கீங்க... ஏணி வெச்சாச்சா... எறக்கு. நான் சொல்றேன், எறக்கு. யாரும் மேல போகக் கூடாது. ரவி எங்க... அவனக் கீழ வரச் சொல்லு, நின்ன எடத்துல இருந்து வந்த வழியாவே மெதுவா வரச் சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்." வந்த வழியாவே என்று அவள் சொன்னது எப்படி என்று வரதராஜ் நினைத்தார், யாரும் சொல்லித்தராமல் எப்படித் தெரிந்தது இவளுக்கு. அந்த ரவி யாரென்று அவருக்குத் தெரியாது. வெள்ளைக் கூரைமேல் அவன் ஒவ்வொரு அடியாக எடுத்து வைப்பதை அவர் உள்ளங்காலில் உணர்ந்தார். ஓர் அடி. இன்னோர் அடி. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. "வந்துட்டானா? சரி. கீழயே உக்காருங்க" என்று அவள் போனை இறக்கினாள். இஸ்மாயில் மணியைத் தொடவில்லை.

"உங்களுக்கு எப்படீங்க தெரியும்?" என்றாள்.

"எங்க ஆளு ஒருத்தன் அங்க விழப் பாத்தான். தொடையோட போச்சு, இழுத்துக்கிட்டோம்."

"எப்ப?"

ஆடிட்டர் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார், அவர் எடுக்கவில்லை. "சிவநேசன் போறதுக்கு ஆறு மாசம் முந்தி. மேனேஜரு வெளிய சொல்ல வேண்டாம்னாரு. நான் சொல்லல. சீட்டு எழுதிக் குடுத்தப்பவும் சொல்லல. அன்னைக்குக் காலைல எனக்குப் போன் பண்ணி ஏதாச்சும் சொல்லணுமான்னு கேட்டான். அப்பவும் சொல்லல. அவன் அவசரப்படலம்மா. கேட்டுட்டுத்தான் ஏறினான்."

யாரோ ஒருவர் "ஐயோ" என்றார். சம்பத்குமார் மைக்கைக் கீழே வைத்தார். பூங்கோதை உட்கார்ந்துவிடுவாள், அல்லது கத்துவாள், அல்லது அந்த நோட்டை எடுத்து முகத்தில் எறிவாள் என்று வரதராஜ் எதிர்பார்த்தார், எறிந்தால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தார். அவள் நின்றுகொண்டே இருந்தாள். "எட்டு மாசமா எம் பொண்ணுகிட்டச் சொல்லிட்டிருக்கேன்" என்றாள். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது, ஹாலின் கடைசிவரைக்கும் கேட்டது. "உங்கப்பன மாதிரி கவனமில்லாம இருக்காதடீ, அவசரப்படாதடீன்னு. ஒரு சைக்கிள ரோட்டுல எறக்கினாக்கூட அதத்தான் சொல்லுவேன். அவ இப்பெல்லாம் அவங்கப்பா போட்டோவப் பாக்கறதில்லீங்க. கோவம். எங்கள விட்டுட்டு இப்படிப் போயிட்டாரேன்னு கோவம்."

வரதராஜ் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். திருமூர்த்தி ஞாபகம் வந்தார், ஆறு மில்களும் வந்தன. இதெல்லாம் மதியத்துக்குள் அவர் காதுக்குப் போய்விடும். அது ஒரு பயமாக வந்து நின்று, நிற்க இடமில்லாமல் போயிற்று. "மன்னிச்சிரும்மா" என்று சொல்ல வாய் எடுத்தார். அந்தச் சொல் எவ்வளவு எளிதாக வருகிறது என்று பார்த்து, விழுங்கிவிட்டார். "எங்க வந்து சொல்லச் சொன்னாலும் சொல்றேன். ஸ்டேஷன்ல, கோர்ட்டுல, எங்க வேணும்னாலும். மாரப்பன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும், அவனையும் கூட்டிட்டு வரேன்."

"அதெல்லாம் அப்புறம்" என்றாள் பூங்கோதை. மேசைகளைச் சுற்றிக்கொண்டு வந்தாள். லாடத்தின் நடுவில் நுழைந்து குறுக்கே வந்திருக்கலாம், அவள் ஒவ்வொரு நாற்காலிக்கும் பின்னால் நடந்து, முழு வளைவையும் சுற்றி வந்தாள். ஒவ்வொருவராக நாற்காலியை முன்னால் இழுத்து வழி விட்டார்கள். அவர் பக்கத்தில் வந்து நின்றபோது அவளிடம் சாம்பிராணி வாசனை அடித்தது, காலையில் படத்துக்குக் காட்டிவிட்டு வந்திருப்பாள் போல. வரும் வழியிலேயே மகளுக்குப் போன் போட்டிருந்தாள், மறுபக்கம் எடுத்துவிட்டார்கள், "அம்மா, பஸ் வந்துரும், சீக்கிரம் சொல்லு" என்று ஒரு பெண்பிள்ளையின் குரல் கேட்டது. "ஒரு நிமிசம் நில்லு கண்ணு. பஸ்ஸு போனாப் போகுது. ஒருத்தர் பேசுவாரு, கேளு" என்று சொல்லிவிட்டு, பூங்கோதை போனை அவரிடம் நீட்டினாள்.

"என்னால இத அவகிட்டச் சொல்ல முடியாதுங்க. நீங்க சொல்லுங்க."

வாங்கினார். அவள் உள்ளங்கைச் சூடு அதில் இருந்தது. காதில் வைத்தார். அந்தப் பக்கம் ஒரு தெருவின் காலைச் சத்தம், சைக்கிள் மணி, யாரோ தண்ணீர் தெளிப்பது. சுற்றிலும் முப்பத்தைந்து பேர், பன்னிரண்டு வருடமாகப் பழகியவர்கள், ஒருவர் முகமும் அவருக்குத் தெரியவில்லை.

"ஹலோ? யாருங்க பேசறது?" என்றது குழந்தை.

"என் பேரு வரதராஜ், சாமி" என்றார் அவர். "உங்கப்பாவ அந்த மில்லுக்கு அனுப்புனது நான்தான்."